ஐந்து துண்டுகள்

பதினோராம் நாள் போகுமில் இருமினார்.
தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டுதான்,
சொல்லிக்கொடுத்த மாதிரியே.
உள்ளே ஏதோ டக்கென்றது.

"சிஸ்டர், இணைப்பு விட்டுப்போச்சு."

கிதான்ஸ்க் கப்பல் தளத்தில்
முப்பத்திரண்டு வருடம் இரும்பைப் பற்றவைத்தவர்.
அப்போது காய்ச்சல் இல்லை.
தையலோரம் சிவக்கவும் இல்லை.
டாக்டர் வோய்னாரோவ்ஸ்கி உள்ளங்கையை மார்பில் வைத்து
"இன்னொரு தடவை இருமுங்கள்" என்றார்.
பிறகு கொஞ்ச நேரம்
கையை எடுக்கவேயில்லை.

அன்றிரவு முப்பத்தொன்பதரை.
விடியும்போது சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

ஆய்வகம் சொன்ன கிருமிக்குப் பொன் என்று பெயர்.
தட்டில் வளர்த்தால் மஞ்சளாய் மினுங்குமாம்.
திறந்தார்கள், கழுவினார்கள்,
செத்த எலும்பின் விளிம்பைச் சுரண்டினார்கள்.
ஆறு எஃகுக் கம்பிகளை
முறுக்கவிழ்த்துத் தட்டில் போட்டார்கள்.
மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:
"என்ன தரத்து எஃகு?"
எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

இனி மூடக்கூடாது, மூடினால் உள்ளேயே புழுங்கும்.
குழிக்குள் மெழுகுத் துணி விரித்து
அதன்மேல் கறுப்புப் பஞ்சை வெட்டி வெட்டி அடுக்கி
மேலே கண்ணாடித் தாள் ஒட்டி
குழாயை மாட்டினால்
கட்டிலடியில் ஒரு பெட்டி
நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருக்கும்.
அது நின்றால் அலறும். அலறினால் ஓடுவேன்.
மூன்று நாளுக்கொரு முறை பஞ்சு மாற்ற வேண்டும்.
எத்தனை துண்டு வைத்தேன் என்று
தாளின்மேல் மார்க்கரால் எழுத வேண்டும்.

அவர் மனைவி ஹால்ஷ்கா
திரைக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள்,
மடியில் அவித்த முட்டைகள்.
புண் ஆற மாமிசம் வேண்டும், முட்டை வேண்டும்,
சர்க்கரை மட்டும் ஏறக்கூடாது.
மணிக்கொரு தரம் அவர் விரலைக் குத்திக் குத்தி
எனக்கே விரல் வலித்தது.

ஒருநாள் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினாள்.
"நாற்பது வருஷம் அதுக்கு மேலதான் தலை வச்சுத் தூங்கினேன்.
நீ பாத்திருக்க. எப்படி இருக்கும்?"

புத்தகத்தில் படித்ததெல்லாம் தொண்டையில் நின்றது.
"ஈரமா இருக்கும்" என்றேன். "வேலையா இருக்கும்."
அவள் தலையாட்டினாள்.
யாரோ வெளியூரிலிருக்கும் பிள்ளையைப் பற்றி
நல்ல சேதி சொன்னதுபோல.

மார்ச் மாதம், ஏழாவது மாற்று.
தாளில் ஐந்து என்றிருந்தது, என் கையெழுத்து.
நான்குதான் வந்தன.

தரையைப் பார்த்தோம். கையுறையைப் பிரித்துப் பார்த்தோம்.
லுத்விகா குப்பைப் பையைத் தாளில் கொட்டினாள்.
ஜன்னலுக்கு வெளியே பாரந்தூக்கிகள்
பனியில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.
வலிமருந்தின் அரைமயக்கத்திலிருந்து அவர் முனகினார்:
"ஷிஃப்ட் முடிஞ்சா கம்பித் துண்டு எண்ணித் தரணும்.
ஒண்ணு கொறைஞ்சா கப்பல் போகாது."

கிடைத்தது.
இடப்பக்க எலும்பின் இடுக்கில்.
புதுச்சதை அதற்குள் வேர்விட்டு
தன்னுடையதென்று பிடித்துக்கொண்டிருந்தது.
உப்புநீர் விட்டு விட்டு ஊறவைத்து
மெல்ல இழுத்தேன். கசிந்தது
தெளிந்த, செக்கச்சிவந்த ரத்தம்.
அத்தனை நாளில் முதல்முறையாக
நாற்றமில்லாத ரத்தம்.
லுத்விகா அழுதாள். நான் பிறகு, தனியாக.

ஏப்ரலில் மார்புத் தசையைப் பெயர்த்து
நடுவில் புரட்டிப்போட்டு மூடினார்கள்.
பற்றவைக்கும் கையைத் தூக்கிய தசை.
ஜூனில் வந்தபோது சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினார்:
எதையாவது எடுக்கக் கை நீட்டினால்
இதயத்தின்மேல் ஒரு துடிப்பு ஓடுகிறது.
"இதுக்கு இன்னும் பழைய வேலைதான் ஞாபகம்."
ஹால்ஷ்கா அவர் சட்டையை மூடினாள்,
குளிரடிக்கிறதென்று. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நேற்று அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்தார்.
மார்க்கர் காய்ந்திருந்தது.
உதறி உதறி
எழுதினேன்: மூன்று.