பொருள்: சத்தம்

ஞாயிற்றுக்கிழமை மிக்சர் ஓட்டக் கூடாது.
இந்த வீட்டு விதிகளில் ஒன்பதாவது அது.
மார்ச் மாதம் அதே ஒன்பதை மேற்கோள் காட்டித்தான்
வீட்டுக்காரர் ஓஸ்டர்காம்புக்குக் கடிதம் எழுதினேன்:
விடியாத மூன்று நாற்பதுக்கு
மேல்மாடியில் யாரோ ஷூ போட்டுக்கொண்டு
என் நெற்றியின் மேல் நடக்கிறார்கள்.

ஆகவே ஆறு முட்டையின் வெள்ளையை
இன்று கையாலேயே அடிக்கிறேன்.
தோள் கழன்றால் கழலட்டும்.
நுரை நின்றுவிட்டதா என்று
கிண்ணத்தை என் தலைக்கு மேலேயே கவிழ்த்துப் பார்க்கிறேன்.
பரிகாரம் என்றால் இந்த அளவாவது ஆபத்து வேண்டும்.

வூப்பர்ட்டாலில் எல்லாத் தெருவும் சரிவு.
என் சமையலறைத் தரையும் அதற்கு விலக்கல்ல.
தாளில் பென்சிலால் வட்டம் போட்டு
தோசை போலத் தேய்த்த மாவு
ஓவனில் ஆறு நிமிஷம் இருந்துவிட்டு
ஆற்றுப் பக்கம் தடித்தும் மலைப் பக்கம் மெலிந்தும் வருகிறது.
ஒன்று. இரண்டு.
மூன்றாவது கருகியது, நின்றபடியே தின்றேன்.
மறுபடி மூன்று.
ஒன்றின் மேட்டில் அடுத்ததன் பள்ளம் வருமாறு
சாக்லேட் வெண்ணெய் பூசித் திருப்பித் திருப்பி அடுக்கினால்
ஐந்து கோணல் சேர்ந்து ஒரு மட்டம்.

கடிதம் போன நாலாம் நாள் சத்தம் நின்றது.
ஐந்தாம் நாள் நான் தூங்கிப்போனேன்.
ஆறாம் நாளும்.
அந்த ஷூதான் இத்தனை மாதமும் என் அலாரம் என்பது
சலவைக் கூடத்து மேற்பார்வையாளர்
தன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டியபோது தெரிந்தது.
ஏழாம் நாள் அடித்துப் பிடித்து எழுந்து கதவைத் திறந்தால்
படிக்கட்டில் இல்டிகோ,
ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் காலுறையோடு,
திருடப் போகிறவள் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தாள்.
போட்டிருந்தது ஓட்டுநரின் நீலச் சட்டை.

ஆற்றின் மேல் தொங்கிக்கொண்டு போகும் முதல் ரயில்.
நான் தினமும் ஏறுவது அதில்தான்.
அது போடுகிற சத்தத்தைப் பற்றி
நான் ஒரு வரி எழுதியதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன், குப்பைத் தொட்டிகளின் அருகே
ஒருமுறை சொல்லியிருந்தாள்:
எங்கள் வீட்டில் டோபோஷ் கேக் இல்லாமல் பிறந்தநாள் கிடையாது.
குளிரில் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

இப்போது சீனி. வெறும் சட்டியில், தனியாக.
தேன் நிறம். பிறகு தேநீர் நிறம்.
அதற்கடுத்த நிறத்துக்குப் பெயரில்லை, அங்கே இறக்க வேண்டும்.
ஆறாவது அடுக்கின் மேல் ஊற்றி
இருபது எண்ணுவதற்குள் பதினாறாக வெட்டியாக வேண்டும்.
இருபத்தொன்றில் அது கண்ணாடி.

ஊற்றினேன். புகை அலாரம் அலறியது.
ஞாயிறு மதியம், கட்டிடம் முழுக்க.
கையில் வெண்ணெய் தடவிய கத்தி, நாலு, ஐந்து,
கதவு தட்டுகிறார்கள், எட்டு,
"திறந்துதான் இருக்கிறது!" பத்து,
இல்டிகோ உள்ளே வந்தாள்.
அலாரத்தைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள்.
ஸ்டூலில் ஏறி அதன் வாயை அடைப்பாள் என்று நினைத்தேன்.
வட்டத்தின் விளிம்பைப் பிடித்துத் திருப்பினாள்.
வெட்டினேன். திருப்பினாள். வெட்டினேன்.
பதினாலு தேறியது. மிச்சம் உடைந்தது.

துண்டுகளை விசிறி போலச் சாய்த்து நட்டுவிட்டு
உடைந்ததில் ஆளுக்கொன்று கடித்தோம்.
லாரியிலிருந்து சரளைக்கல் கொட்டுகிற மாதிரி
இரண்டு வாயிலும் நொறுங்கியது.
மனப்பாடம் செய்து வைத்திருந்த ஜெர்மன் மன்னிப்பில்
தமிழ் போலவே வினைச்சொல் கடைசியில் வர வேண்டும்.
பல்லில் ஒட்டிய சீனி அதுவரை போகவிடவில்லை.
"ஒன்பதாவது விதி" என்றாள், மென்றுகொண்டே.

திங்கள். மூன்று நாற்பது.
டக். டக்.
முன்பைவிடக் கொஞ்சம் அழுத்தி மிதிக்கிறாளோ?