விளிம்பில் பட்ட பந்து

விடுதி நிலவறையில்
ஏழு சலவை இயந்திரம், நாலு உலர்த்தி,
மடக்கி விரிக்கிற ஒரு டேபிள் டென்னிஸ் மேசை.
நான்காம் உலர்த்திக்கும் தீயணைப்பு உருளைக்கும்
நடுவில் தெரியும் வெற்றுச் சுவர்
எங்கள் கிப்லா.
ஷொஹ்ருக் மூன்று கைபேசியில் திசை பார்த்தான்,
மூன்றும் மூன்று சுவரைக் காட்டின.
நில அளவை படிக்கும் ஹிலால்
அளவுகோலும் வரைபடமும் கொண்டுவந்து
வழக்கைத் தீர்த்தான்.

டிசம்பரில் டார்ட்டு நகரத்துச் சூரியன்
வருகைப் பதிவில் கையெழுத்திட்டுப்
பின்வாசலால் நழுவுகிற குமாஸ்தா.
லுஹருக்கும் மஃரிபுக்கும் இடையே
ஒரு ஆய்வக வகுப்பு, ஒரு பீட்ரூட் சூப்.
பான்ஜுலில் ஐந்து வேளையும்
கைகால் நீட்டிக் கிடந்தன.
இங்கே ஒரே பெட்டியில்
முட்டியால் அழுத்தி மூட வேண்டியிருக்கிறது.

ஒளுவுக்காக ஒற்றைக் காலைத்
தொட்டிக்குள் தூக்கி நான் தள்ளாடியபோது
கூடையோடு உள்ளே வந்தாள் கெர்ட்டு.
"வெந்நீர் இடப்பக்கக் குழாய்," என்றாள்.
சொற்களைச் சில்லறை மாதிரி
எண்ணிக் கொடுப்பவள்.

தொழுகைக்கு மேசையை மடிப்போம்.
சலாம் கொடுத்ததும் விரிப்போம்.
அப்படி ஒரு செவ்வாய்.
பத்துக்கு ஒன்பது, நான் முன்னால்.
நான் அடித்த பந்து மேசை விளிம்பைத் தொட்டுத்தான்
கீழே சரிந்தது. டக் என்றது.
எனக்குக் கேட்டது, செனாடுக்குக் கேட்கவில்லை.
ஆறாம் இயந்திரம் அந்நேரம்
வெறி பிடித்ததுபோல் துணி பிழிந்துகொண்டிருந்தது.
"நோன்பு பிடிக்கிற வாயால் சொல்," என்றேன்.
அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மூன்று நாளைக்கு மேல்
ஒருவருக்கொருவர் முகம் திருப்பலாகாது.
அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
அதனால் நாங்கள் முகம் திருப்பவில்லை,
இருவரும் நேராகச்
சுவரையே பார்த்தோம்.

ஆனால் சஃப்பில் இடைவெளி விட முடியுமா?
தோளோடு தோள்.
அவன் கைகட்டி நிற்பான், நான் தொங்கவிட்டு.
அவன் காலுறை ஓட்டை வழியே
எட்டிப் பார்க்கும் சுண்டுவிரல்
என் சுண்டுவிரலை வந்து முட்டும்.
நகர்த்தினால் கோபமென்று ஆகும்,
நகர்த்தாவிட்டால் சமாதானமென்று.
குர்ஆன் காதில் விழ
நான் விரலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை இஷா.
ஹிலால் தாலினுக்குப் போயிருந்தான்.
ஷொஹ்ருக் இமாம்,
பின்னால் நானும், எனக்கு இடப்பக்கம் அவனும்.
அவ்வளவுதான் ஜமாஅத்.

இமாம் சலாம் கொடுத்தார். வலம் திரும்பினேன்,
ஒரு உலர்த்தி.
எங்கள் மத்ஹபில் இமாமுக்கு ஒரு பதில் சலாம் உண்டு,
இடப்பக்கம் ஆள் இருந்தால்
அவனுக்கும் ஒன்று.
ஆள் இருந்தால்.
எட்டு வயதில் பிரம்புக்குப் பயந்து
மனப்பாடம் செய்த சட்டம்.
அதில் இப்படியொரு கண்ணி
டார்ட்டு நிலவறை வரை
காத்துக் கிடந்திருக்கிறது.

முணுமுணுத்தபடி இடம் திரும்பினேன்.
எதையும் தாமதமாகச் செய்கிறவன்
அப்போதுதான் வலம் திரும்பினான்.
மூக்குக்கும் மூக்குக்கும் ஒரு சாண்.
ஏலக்காய் போட்ட காபி வாசம்.
சாந்தியும் இறைவனின் கருணையும்
உன் மீது, உன் மீது என்று
இரண்டு அரபு உச்சரிப்புகள்
மோதிக்கொண்டன.
இது வானவர்களுக்கானது
என்று இருவரும் சாதித்திருக்கலாம்.

"விளிம்பில் பட்டது."

ஐந்தாம் இயந்திரத்தின் மேல்
கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்த கெர்ட்டு.
"செவ்வாய்க்கிழமை. பட்டது.
போர்வை உலர்த்திக்கொண்டு நின்றேன்."

நாலு நாளாய் ஏன் சொல்லவில்லை?
எங்களுக்கு ஒரே குரல் வந்துவிட்டது.

"யாரும் கேட்கவில்லையே."

செனாட் ஒன்றும் பேசாமல் மேசையை விரித்தான்.
"பதினொன்று ஒன்பது," என்றான் வலையிடம்.
நான் மட்டையை எடுத்தேன்,
பந்தைக் காணவில்லை.
பெஞ்சுக்கு அடியில், காலணிக்குள்,
ஷொஹ்ருக்கின் ஜிப்பாப் பையில்,
அவன் தஸ்பீஹ் முப்பத்துமூன்றை விடாமல்
இடுப்பை மட்டும் தூக்கிக் காட்டினான்.

கடைசியில் கெர்ட்டுதான் கீழே குனிந்தாள்.
ஐந்தாம் இயந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னால்
அவளுடைய சிவப்புக் காலுறைகளோடு
நுரையில் மூழ்கி மூழ்கி எழுந்து
சுற்றிக்கொண்டிருந்தது.

மூவரும் தலையைச் சாய்த்துப் பார்த்து நின்றோம்.
இன்னும் பதினெட்டு நிமிடம்
என்றது எண்.