காலி ரைடு

ராயப்பர் திருவிழாக் கபடிக்கு
பதினோரு வருஷமாக நான்தான் ஸ்கோர் எழுதுகிறேன்.
தொட்டால் ஒன்று. மடக்கினால் ஒன்று.
தொடாமலும் பிடிபடாமலும் திரும்பி வந்தால்
ஒரு சின்ன வட்டம், உள்ளே ஒன்றுமில்லாமல்.
மூக்கையூர் மணலில் நோட்டை விரித்தால்
கச்சான் வந்து பக்கத்தைப் புரட்டும்.
முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு எழுதுவேன்.

மைக்கில் சவரியான்.
அவன் வாய்க்குள் சாதாரண ஆளாக நுழைந்த எவனும்
சாதாரண ஆளாக வெளியே வந்ததில்லை.
வாலிநோக்கம் உப்பளத்தில் மூட்டை தைக்கும் முத்திருளன்
கோட்டைத் தாண்டினால்
ஏழு கடல் தாண்டிவிட்டான் என்பான்.
எதிரே கைகோத்து நிற்கும் ஏழு பேர்
ஏழு தலை நாகம்.
(அதில் ஒரு தலை என் மச்சினன். ஐஸ் கம்பெனியில் வேலை.
நாகத்துக்கு அன்று வயிறு சரியில்லை.)

ஆனாலும்
அவன் மூச்சைப் பிடித்து உள்ளே இறங்கும்போது
என் பென்சிலும் நின்றுவிடும்.
சொந்த ஆட்களெல்லாம் முதுகுக்குப் பின்னால்.
வாயில் ஒரே சொல்.
அது தீர்வதற்குள் தொட வேண்டும், திரும்ப வேண்டும்.
நான் கேட்ட கதையெல்லாம் இவ்வளவுதான்.
போனான். வந்தான்.
நடுவில் நடந்ததை ஊர் விடிய விடியப் பேசும்.

அன்று விடியுமுன்னே பிரகாசி கிளம்பிப் போயிருந்தாள்.
வல்லத்தில் ஒன்பது பெண்கள்.
விரல்களுக்குச் சேலைக் கிழிசல் சுற்றி,
செருப்பில் தகரத் தட்டுக் கட்டி,
கண்ணாடியில் எச்சில் தேய்த்து,
நல்லதண்ணித் தீவுக்கும் உப்புத்தண்ணித் தீவுக்கும் நடுவே
பாசிக்கு மூழ்குவார்கள்.
கச்சான் கலக்கின தண்ணீரில்
தன் கையே தனக்குத் தெரியாதாம்.
அங்கேயும் ஒரே மூச்சுதான். மைக் கிடையாது.
கதையில் ஆழத்துக்குப் போனவன்
முத்தோடு வருவான்.
இவள் மூன்று நாளாகக் கொண்டுவந்தது
காதுவலி.

கரையில் பாடு என்றால் மீன்.
மைதானத்தில் பாடு என்றால் மூச்சோடு உள்ளே போ.
வீட்டில் பாடு என்றால் பாடுதான்.

ராத்திரி பத்தரை. பைனல்.
முத்திருளன் அணிக்கு அடுத்தடுத்து இரண்டு வட்டம்.
மூன்றாவதும் காலி என்றால் போனவன் அவுட்.
சவரியான் கட்டின தொண்டையோடு அலறுகிறான்:
"செத்தால் கடல்! வந்தால் கரை!"

போனான்.
நாகம் மூலைக்கு மூலை ஒதுங்கியது.
காலை வீசினான், காற்று.
கையை நீட்டினான், என் மச்சினனின் பனியனுக்கு
நாலு விரற்கடை முன்னால் காற்று.
மூச்சு முடியும் நொடியில்
கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றான்,
ஒரு கீறல் இல்லாமல்.
முழுசாக வந்ததால் அவுட்.

சவரியானுக்குச் சொல் கிடைக்கவில்லை.
ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
முத்திருளன் என் மேஜைக்கு வந்து
நோட்டைக்கூடப் பார்க்காமல் கேட்டான்:
"அண்ணே, வாலிநோக்கத்துக்கு முத பஸ்ஸு எத்தன மணிக்கு?"

வீட்டில் பிரகாசி முழித்திருந்தாள்.
யார் ஜெயிச்சது என்றாள். சொன்னேன்.
மூணு வட்டக் கணக்கையும் சொன்னேன்,
விதி தெரிந்த பெருமையில்.
சாக்கில் ஒட்டியிருந்த கட்டக்கோரையை
ஒவ்வொன்றாய்ப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்:
"முந்தாநாளு, நேத்து, இன்னைக்கி.
அப்ப நானும் அவுட்டாக்கும்?"

பதினோரு வருஷத்தில்
ஒரு புள்ளியைக்கூட நான் தப்பாக எழுதியதில்லை.

அவள் மூன்றரைக்கு அலாரம் வைத்துப் படுத்துவிட்டாள்.
கொடியில் விரல்துணிகள் காய்ந்தன.
பழக்கத்தில் எண்ணினேன். ஒன்பது.
பத்தாவதைத் தேடினேன். சாக்கில் இல்லை, வாளியில் இல்லை.
வேட்டி ஓரத்தைப் பல்லால் கடித்து
நீளமாய்க் கிழித்தேன்.
"சத்தம் போடாதீங்க" என்றாள்
சுவர்ப் பக்கம் திரும்பி.