எந்தயம் நூறு

தேர்முட்டிக்கு எதிர்க்கடையில்
பதினொரு வருஷம் பொட்டலம் கட்டினேன்.
பெயர் அர்த்தனாரி. திருச்செங்கோட்டில் கல்லெறிந்தால்
இந்தப் பெயர்க்காரன் மேல்தான் விழும்.

சனிக்கிழமை மொளசி பஸ்ஸில்
கண்டக்டர் பொங்கியண்ணன் கொண்டுவருவார்
பாவாத்தாளின் சீட்டை, மஞ்சப் பைக்குள் சுருட்டி.
செவ்வாய்க்கிழமை துளசிமணி நேரிலேயே வருவாள்,
மல்லசமுத்திரத்திலிருந்து,
குடையைச் சர்க்கரை மூட்டை மேல் சாய்த்துவைப்பாள்.

அக்கா, தங்கை.
சகலைகள் பங்கு போட்டு வாங்கிய ரிக் வண்டி
அனந்தப்பூர்ப் பக்கம் எங்கோ
பாறையில் தண்டு முறிந்து நின்றது.
அன்றைக்கு நின்ற பேச்சு.
நல்லது கெட்டதுக்கும் போக்குவரத்து இல்லை.
கார்டு போட்டால் வாசலிலேயே நாலு பேர் படிப்பார்கள்.
கடையில் போன் உண்டு. டயலில் பூட்டு உண்டு.
பூட்டைத் திறந்தாலும்
அந்த வீடுகளில் மணியடிக்க ஒன்றுமில்லை.

கணக்கு முடிந்த சீட்டைக் கம்பியில் குத்திவைப்போம்.
"அக்கா சீட்டச் சித்தெ காட்டு."
நின்றபடி படிப்பாள்.
"ஓமம் எழுதியிருக்கறா, சின்னவனுக்கு வயிறு சரியில்லையாட்ட.
ரவை ரெண்டு கிலோவா? ஒறம்பரை வந்திருக்கோணும்."
ஒருநாள் காப்பித்தூள்
நூறிலிருந்து ஐம்பதாக இறங்கியிருந்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
மேலே தொங்கும் சணல் உருண்டையையே பார்த்திருந்தாள்.
அப்புறம்:
"சனிக்கிழமை அவ பையில அம்பது சேத்திக் கட்டிரு.
என்ற பற்றுல எழுதிக்க."

அதற்கடுத்த சனிக்கிழமைச் சீட்டில்
சோப்புக்குக் கீழே ஒரு வரி கூடுதல்:
போன வாரம் நிறுவை நல்லா இருந்துச்சு.

"எச்சா நிறுத்துட்டியாடா?" என்று
முதலாளி முறைத்தார்.
தராசைத் தொட்டுச் சத்தியம் செய்தேன்.

இப்படியே ரெண்டு வருஷம்.
பள்ளிக்கூடம் திறந்தபோது பருப்புக்கடியில்
ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் போனது.
மொளசியிலிருந்து வரும் வெறும்பையும்
வெறும்பையாக வராது, ஒரு சீப்புக் கதலி இருக்கும்.
யாருக்கென்று எழுதியிருக்காது.
செவ்வாய் வரைக்கும் காவல் நான்.
ரெண்டு பழம் தின்றிருக்கிறேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சீட்டு வரவில்லை.
அடுத்த வாரமும்.
"பை குடுக்கலியே" என்று மட்டும் சொல்லி
பொங்கியண்ணன் விசில் ஊதிவிட்டார்.
முதல் செவ்வாய் மழை, துளசிமணி வரவில்லை. தப்பித்தேன்.
இரண்டாவது செவ்வாய் வெயில்.
காலண்டர் தாளைக் கிழித்து நானே எழுதினேன்,
எழுத்தைக் கோணலாக்கி:
துவரை ஒன்று, சீரகம் ஐம்பது, வெந்தயம் நூறு.
கம்பியில் குத்தினேன்.

வாங்கிப் படித்தாள்.
விரல் வெந்தயத்தில் நின்றது.
"எங்கக்கா எந்தயம்னுதான் எழுதுவா.
மூணாங்கிளாசுல வாத்தியார் அடிச்சும் மாத்தலெ."
என்னை அவள் திட்டியிருக்கலாம்.
கட்டிய பையை விட்டு, குடையை விட்டு
வெயிலில் ரோட்டைத் தாண்டினாள்.
அவள் ஏறிய பஸ்ஸில்
மல்லசமுத்திரம் போர்டு இல்லை.

பை பதினோரு நாள் கிடந்தது.
கருப்பட்டியில் எறும்பு.
குடையை முதலாளி ஒருதரம் கொண்டுபோய்த் திருப்பிவைத்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, மஞ்சப் பை, சீட்டு.
எழுத்து வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, தங்கையினுடையது.
பார்லி அரைக்கிலோ. குளுக்கோஸ் ரெண்டு டப்பா.
நொய்யரிசி.
எந்தயம் நூறு.

படுத்தபடி அவள் சொல்லச்சொல்ல இவள் எழுதியதா,
தானாகவே அப்படி எழுதினாளா,
பொங்கியண்ணனுக்குத் தெரியாது.

"யாரு பற்றுலடா?"
பேனா மூடியைக் கழற்றியபடி முதலாளி கேட்டார்.
சீட்டில் அது இல்லை.
நான் வெந்தயத்தை அள்ளிப் போட்டேன்,
தட்டு தாழ்ந்த பிறகும்
இன்னொரு கை.