உலர் எடை

அப்பிங்டனில் இன்று நாற்பத்து மூன்று பாகை என்கிறார்கள்.
காலை ஆறரைக்கே சன்னல் கம்பி சுடுகிறது.
டாவிட் ஸ்வார்ட்பூய் செருப்பைக் கழற்றிவிட்டு
எடைமேடையில் ஏறுகிறான்.
ஒரு கிலோ எண்ணூறு கூடுதல்.

"குடித்தாயா?"
"இல்லை சிஸ்டர் படையாச்சி, தின்றேன். காட்டுக் கும்மட்டி.
ஓரிக்ஸ் மான்கூட அதைத்தான் தின்கிறது."
"அதற்குச் சிறுநீரகம் இருக்கிறது, டாவிட்."
சிரித்துவிட்டோம்.
டயாலிசிஸ் அறையில் மற்ற மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாளொன்றுக்கு அவனுக்கு அரை லிட்டர்.
மாத்திரை விழுங்கும் மடக்கும் அதில் சேரும்,
கஞ்சியின் ஈரமும்.

ஊசி ஏறினால் நான்கு மணி நேரமும் பேச்சுதான்.
ஓரிக்ஸ் லேசில் வியர்க்காதாம்.
நமக்கென்றால் ஜன்னி கண்டுவிடும் சூட்டைப்
பகலெல்லாம் உடம்பில் ஏற்றிக்கொள்ளும்;
மூளைக்குப் போகும் ரத்தத்தை மட்டும்
மூக்கின் குளிர்ச்சியில் ஆற்றி அனுப்பும்.
இருட்டியதும், வாங்கிய கடனை
வானத்துக்குத் திருப்பிவிடும்.
தரையணில் வெயிலுக்கு முதுகு காட்டி
வாலைக் குடை பிடித்து மேயும்.
பொந்தெலி மகா கஞ்சன்,
மூச்சின் ஈரத்தைக்கூட மூக்கிலேயே பிடித்துவைக்கும்.

பாலை என்றால் பிரிவு என்று
டர்பனில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
மனப்பாடம் செய்தவள் நான்.
வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.
சிறுநீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

கல்கௌதாரி என்று வந்தால் அவன் குரல் இறங்கும்.
ஆண் பறவை விடியலில் குட்டைக்குள் அமர்ந்து
வயிற்றுத் தூவி ஊறும்வரை காத்திருக்கும்,
பருந்துக்குப் பயந்தபடியே.
பிறகு இருபது, முப்பது கிலோமீட்டர்.
குஞ்சுகள் இறகை உருவிக் குடிக்கும்.
வழியில் பாதி காய்ந்துவிடும், என்றான்.
பாதி போதும், என்றான்.

பதினோரு மணிக்கு இயந்திரம் நின்றது.
ஐம்பத்தெட்டு கிலோ. உலர் எடை.
கையில் பஞ்சை அழுத்தியபடி
பின்வாசல் குழாயடிக்குப் போனான்,
மஞ்சள் கேனோடு. இருபது லிட்டர்.
அவர்கள் ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது,
சின்னவளுக்குப் பால்மாவு கலக்க ஆகாது.
கேன் நிறையும் மட்டும்
தண்ணீரைப் பார்க்கவில்லை அவன்,
சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்காம் போகும் பக்கியின் பின்தட்டில் ஏறி
நெஞ்சோடு கேனை அணைத்துக்கொண்டான்.
கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டர்.
மூடி சரியில்லை.
இந்நேரம் சட்டையின் முன்பக்கம் நனைந்திருக்கும்.