அனுமதிப் பட்டியல்

வெள்ளி மாலை, ஒரே ஒரு வரி.
வெளியாள் எவரும் நுழையாதிருக்க
நான் எழுதிய வரி.
எழுதி முடித்த கணத்தில்
நானே வெளியாள்.
திரை உறைந்தது.
நுணலும் தன் வாயால் கெடும்;
எனக்கு ஒரு விரல் போதுமாயிருந்தது.

தோர்ஷானிலிருந்து தெற்குத் தீவுக்கு
இரண்டு மணி நேரக் கப்பல்.
பையில் விசைப்பலகை, கம்பளிக் கையுறை.
பயணச் செலவுக்கு என்ன காரணம் எழுதுவது?
எதிரே ஒருவர்
வாந்திப் பையை மடியில் வைத்துக்கொண்டு
குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மீன் உறைகிடங்கின் வாசலில் காவலாளி ஹானுஸ்.
"எங்கிருந்தும் திறக்கலாம்னு சொன்னீங்களே, ரன்வா?"
அவன் கையில் இரும்புச் சாவி.
ஒரே திருப்பு.

சர்வர் மேல் தூசியும் மீன் வாடையும்.
என் வரியை அழித்தேன். கதவு திறந்தது.
அவ்வளவுதான்; போயிருக்கலாம்.
பதிவேட்டைப் புரட்டினேன்.

ஒரு வாரத்தில் நாற்பதாயிரம் தட்டல்கள்.
பேர் தெரியாத ஊர்களிலிருந்து
அட்மின் என்றும் டெஸ்ட் என்றும்
பொய்ப் பெயர் சொல்லி, சலிக்காமல்.
நடுவே ஒன்று,
தட்டாமலே நுழைந்தது.
ஞாயிறு அதிகாலை மூன்று பன்னிரண்டு.
தோரொத்துர்.

மூன்று வருஷமாயிற்று அவன் வேலையை விட்டு.
அவன் விடுமுறையில் இருந்தபோது
நான்காம் அறையின் கம்ப்ரசர் நின்றுபோய்
எண்பது டன் காட் மீன் அழுகியது.
யாரும் அவனைக் குறை சொல்லவில்லை.
கிரீன்லாந்துப் பக்கம் விசைப்படகுக்குப் போய்விட்டான்.
அவன் சாவியை நீக்க
எனக்குத் தோன்றவில்லை, அல்லது
தோன்றியும் செய்யவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் பதினோரு நொடி.
நான்காம் அறையின் வெப்பநிலை பார்க்கிறான்,
வெளியேறுகிறான்.
வேறெதையும் தொட்டதில்லை.

கடவுச்சொல்லை ஒழித்தேன். இனி சாவி மட்டும்.
ரூட் நேரே நுழையக் கூடாது.
பட்டியலில் இரண்டே பேர்: நான், என் மேலாளர்.
பழைய சன்னலை மூடாமல்
புதிய சன்னலில் நுழைந்து பார்த்தேன்,
பட்ட புத்தி.
பிறகு தோரொத்துரின் சாவி:
முந்நூற்றுச் சொச்சம் எழுத்துகள்,
கடைசியில் அவன் மடிக்கணினிக்கு வைத்த பெயர்,
"கிழட்டு ஆடு".
ஹானுஸ் காபி கொண்டுவரும்வரை
அந்த வரியின் மேலேயே சுட்டி துடித்தது.
அழித்தேன்.

ஞாயிறு விழித்திருந்தேன், வீட்டில்.
மூன்று பன்னிரண்டு.
தோரொத்துர்: மறுக்கப்பட்டது.
ஒரே ஒரு முறை.
மற்றவர்கள் தட்டிக்கொண்டேயிருந்தார்கள்.

அவன் எண்ணுக்கு அனுப்பினேன்:
"மைனஸ் இருபத்து நாலு."
வேறு சொல் சேர்க்கவில்லை.
இன்னும் ஒற்றை டிக்தான் விழுந்திருக்கிறது.