ஏசித் தண்ணீர்

ரொவேனா விசா முடித்துக் கிளம்பிய மாலை
லிஃப்ட் கதவு மூடுமுன் கையில் திணித்துப் போன மரம்.
ஒரு சாண். கல்லிச்சி.
வயது பதினொன்று என்றாள்,
என் சம்பளத் தேதியைவிட நிச்சயமான குரலில்.

ஜூலைக் கடைசியில் இலை மஞ்சளித்தது.
கவிழ்த்துப் பார்த்தேன்.
தட்டின் வடிவத்தை வேர் மனப்பாடம் செய்திருந்தது,
நான்கு மூலையும் பிசகாமல்.
பாதி கறுப்பு. விரல் பட்டதும் தோல் கழன்று
நடுநார் மட்டும் நின்றது.
சாக்கடை வாசம்.

கத்தரியைக் கெட்டிலில் கொதிக்கவைத்தேன்.
பிஜோயிடம் சொல்லவில்லை, அவன் டீயும் அதில்தான்.
வெள்ளை தெரியும்வரை வெட்டினேன்.
மிஞ்சியது பாதி மீசை அளவு.

ஸ்பாக்னம் பாசி சிலியிலிருந்து வந்தது,
சோப்புக்கட்டிபோல் அழுத்தி, உலர்ந்து, செத்து.
நனைத்தால் வாளியை நிறைக்கிறது.
இறந்த பிறகும் நீர் சுமக்கும் வேலையை
விடத் தெரியாத ஒன்று.

குழாய்த் தண்ணீர் ஆகாது அதற்கு.
கடலை வடித்த நீர், உப்பின் மிச்சம் போகாதது,
மொட்டைமாடித் தொட்டியில் வெந்து
ஆகஸ்டில் பச்சைத்தண்ணீர் என்ற பேரில் சுடுவது.
ஜன்னல் ஏசியின் பின்னால் குழாய் செருகி
வாளிக்குள் விட்டேன்.
இரவுக்கு ஆறு லிட்டர்.

பிழிவதற்குப் பதம் உண்டு.
அழுத்தினால் ஒரு சொட்டு வர வேண்டும்,
இரண்டாவது வரக் கூடாது.
அப்படிப் பிழிந்து, வேரைச் சுற்றிப் பொதிந்து,
ஹம்முஸ் வந்த டப்பாவில் இறக்கி
காய்கறிப் பையால் மூடிக் கட்டினேன்.

"நம்மளப் போலத்தான்டா, சின்னத் தொட்டியில"
மேல்கட்டிலிலிருந்து செல்லையன்.
அதற்கு வாடகை இல்லை என்றேன்.
விளக்கை அணைக்கச் சொன்னான்.

எங்கள் பகுதிக்கு அபூ ஷகாரா என்று பெயர்.
மரத்தின் அப்பன் என்று பொருள் சொன்னான் ரகீப்,
பிறகு என்னை அப்படியே கூப்பிட ஆரம்பித்தான்.
மரத்தின் அப்பன் பத்தொன்பது நாள்
கிளறாமல், இழுத்துப் பார்க்காமல்,
டப்பாவைத் தூக்கி
எடையில் மட்டும் ஈரம் பார்த்தான்.

இருபதாம் இரவு.
செல்போன் வெளிச்சம், ஒரே நொடி.
வேருக்கு வெளிச்சம் பிடிக்காது.
பாசியைத் துளைத்துக்கொண்டு ஒரு வெள்ளை நுனி,
ஊசியில் கோக்க எச்சில் தொட்டுக் கூராக்கிய நூல்.

யாரையும் எழுப்பவில்லை.
நாலு பேர் மூச்சும் ஏசிக்குள் போய்க் குளிர்ந்து
வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது,
நாளைக்கு ஊற்ற.
இதில் பிஜோயின் குறட்டை
எத்தனை சொட்டோ.